ஒரே கோடு, இரண்டு நியாயம்

"சட்டப்படி சரிதான். ஆனா தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல?"

எதிர்முனையில் நிற்கும் ஆட்டக்காரரைப் பந்து வீச்சாளர் ரன் அவுட் செய்யும் ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. மைசூரு தேவராஜ மொஹல்லாவில் இதைத் தமிழிலும் கேட்கலாம், கன்னடத்திலும் கேட்கலாம். மார்க்கெட்டில் பூ முழம் போடுகிறவர் சொல்வார். அரசு ரோட்டுத் துணிக்கடையில் பில் போடுகிறவரும் சொல்வார். தொலைக்காட்சியில் வர்ணனை செய்யும் முன்னாள் கேப்டன்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார்கள். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில் அஸ்வின் ஜோஸ் பட்லரை இப்படி அவுட் ஆக்கியபோது, அஸ்வினின் தமிழ் ரசிகர்களிலேயே பாதிப் பேர் சங்கடப்பட்டார்கள். நம்ம பையன் இப்படிச் செய்திருக்க வேண்டாமே என்ற சங்கடம்.

அந்தச் சங்கடம் தேவையற்றது என்பது என் கட்சி. தேவையற்றது மட்டுமில்லை, அநியாயத்துக்குத் துணை போவது.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கிரிக்கெட் உடம்போடு உடம்பு மோதாத ஆட்டம். அதனால் மரியாதை அதில் மற்ற ஆட்டங்களைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கிறது. கபடியில் ஒருவன் எல்லை மீறினால் தொடையைப் பிடித்து மண்ணில் சாய்க்க ஏழு பேர் இருக்கிறார்கள். கிரிக்கெட்டில் யாரும் யாரையும் தொட்டு நிறுத்த முடியாது. அங்கே தடுப்பு என்று இருப்பது தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் மட்டும்தான். அப்படியானால் மரியாதை எங்கிருந்து தொடங்க வேண்டும்? கோட்டை மதிப்பதிலிருந்துதானே?

அந்தக் கோட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஸ்டம்ப்புக்கு முன்னால் 4 அடியில் குறுக்கே ஓடுகிறது பாப்பிங் கிரீஸ். பந்து வீசும் முனையில் இந்த ஒரே கோட்டுக்கு இரண்டு பேர் பதில் சொல்ல வேண்டும். பந்து வீச்சாளரின் முன்னங்காலில் ஏதாவது ஒரு பகுதி கோட்டுக்குப் பின்னால் விழ வேண்டும். அவருக்கு ஓரிரு முழம் தள்ளி நிற்கும் எதிர்முனை ஆட்டக்காரரின் மட்டையோ காலோ அதே கோட்டுக்குப் பின்னால் தரையைத் தொட்டிருக்க வேண்டும். கோட்டின் மேலே வைத்தால்கூடச் செல்லாது. இரண்டு பேருக்கும் ஒரே கோடு, கோட்டின் ஒரே ஓரம்.

இப்போது இருவரையும் நாம் நடத்தும் விதத்தைப் பாருங்கள். வீச்சாளரின் குதிகால் ஒரு மயிரிழை தாண்டினால் நோ பால். ஒரு ரன் இனாம், குறுகிய ஓவர் ஆட்டங்களில் அடுத்த பந்து ஃப்ரீ ஹிட், விக்கெட் விழுந்திருந்தால் அதுவும் இல்லை. சில ஆண்டுகளாக இதைப் பார்ப்பதற்கென்றே தொலைக்காட்சி அம்பயர் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 2017 ஜூன் 18, சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி. பும்ராவின் பந்தில் ஃபகர் ஜமான் 3 ரன்னில் கீப்பரிடம் கேட்ச் கொடுத்தார். நோ பால் என்று திரும்ப அழைக்கப்பட்டு 114 அடித்தார். இந்தியா 180 ரன் வித்தியாசத்தில் தோற்றது. 'பாவம், முதல் தடவைதானே, எச்சரித்து விட்டிருக்கலாமே' என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஜெய்ப்பூர் போக்குவரத்துக் காவல்துறை பும்ராவின் அந்தக் கால் படத்தைப் போட்டு, கோட்டைத் தாண்டாதீர்கள் என்று விளம்பரப் பலகையே வைத்தது. பும்ராவுக்கு அதில் வருத்தம் இருந்தது, ஊர் சிரித்தது. அதே ஜெய்ப்பூரில் இரண்டு வருஷம் கழித்து ஒரு மட்டையாளர் அதே கோட்டைத் தாண்டியபோது, தாண்டியவர் பரிதாபத்துக்கு உரியவர் ஆனார், கோட்டைக் காட்டியவர் குற்றவாளி ஆனார்.

ஓரிரு அடி முன்னால் கிளம்புவதில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறார்கள். ஒரு கிரீஸிலிருந்து மற்றொன்றுக்கு 58 அடி. மூன்று அடி முன்கூட்டிக் கிளம்பினால் 55 அடி ஓடினால் போதும். ரன் அவுட் முடிவுகள் எப்படி வருகின்றன என்று நாம் தினமும் பார்க்கிறோம்: மட்டை நுனி கோட்டைத் தொடுவதற்கும் பெயில்ஸ் எரிவதற்கும் இடையே படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பெரிதாக்கி, விரல்கடை கணக்கில் தீர்ப்புச் சொல்கிறார்கள். விரல்கடைக்கு விக்கெட் போகிற ஆட்டத்தில் மூன்று அடி அற்பம் இல்லை. கடைசி ஓவர்களில் ஒரு ரன் இரண்டு ரன் ஆவது இந்த மூன்று அடியில்தான்.

'எச்சரிக்கை' வாதத்துக்கு வருவோம். ஒரு முறை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம் என்பது. எச்சரிக்கை தர வேண்டும் என்று கிரிக்கெட் சட்டத்தில் எங்கும் இல்லை. எதிர்முனை ரன் அவுட் புகழ்பெற்ற கதையே வினு மன்கட் கதைதான். 1947-இல் ஆஸ்திரேலியாவில், டெஸ்ட்டுக்கு முந்தைய ஒரு பயண ஆட்டத்தில் பில் பிரவுனை மன்கட் முதலில் எச்சரித்தார், பிறகும் அவர் கிளம்பியதால் அவுட் ஆக்கினார். டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்ட்டில் பிரவுன் திரும்பவும் கிளம்பினார். மன்கட் திரும்பவும் ஸ்டம்ப்பைத் தட்டினார். எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று, தண்டனையும் கொடுத்தாயிற்று, அதற்குப் பிறகும் கிளம்பிய மனிதரை அவுட் ஆக்கியதற்கு எழுபது ஆண்டுக்கு மேலாக வசவு வாங்கியது மன்கட்டின் பெயர். அப்போதைய ஆஸ்திரேலியக் கேப்டன் டான் பிராட்மேனே தன் புத்தகத்தில் மன்கட் பக்கம்தான் பேசினார். அவுட் ஆன ஆளின் கேப்டனுக்குப் புரிந்தது, பத்திரிகைகளுக்குப் புரியவில்லை.

எச்சரித்தாலும் வசவு நிற்காது என்பதற்கு இன்னொரு சாட்சி இந்திய மகளிர் அணியின் தீப்தி சர்மா. 2022 செப்டம்பர் 24, லார்ட்ஸ். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம். இங்கிலாந்துக்கு ஒரு விக்கெட் மீதம், 17 ரன் தேவை. 47 ரன்னில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த சார்லி டீன் எதிர்முனையில் இருந்து நகர்ந்தார், தீப்தி பெயில்ஸைத் தட்டினார், ஆட்டம் முடிந்தது. எச்சரித்தோம் என்றார் தீப்தி. எச்சரிக்கவே இல்லை என்றார் இங்கிலாந்துக் கேப்டன் ஹெதர் நைட். சட்டமே கேட்காத ஒன்றைச் செய்தாரா இல்லையா என்று வென்றவர் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருந்தது. ஆட்டத்தின் ஒளிப்பதிவை முழுதாகப் பார்த்த ஒரு பத்திரிகையாளர், டீன் அன்று எழுபதுக்கும் மேற்பட்ட முறை முன்கூட்டியே கிளம்பியிருந்ததை எண்ணிக் காட்டினார். அந்த எண்ணிக்கை அவையில் எடுபடவில்லை.

அஸ்வின் எச்சரித்தும் பார்த்தார். 2020 அக்டோபரில் துபாயில் ஆரோன் ஃபின்ச் கிரீஸை விட்டு நன்றாக வெளியே நின்றார். அஸ்வின் ஓடி வந்து நின்று, பார்த்து, திரும்பிப் போனார். இந்த ஆண்டுக்கு இதுதான் முதலும் கடைசியுமான எச்சரிக்கை என்று பிறகு எழுதினார். அன்று அவருக்குக் கிடைத்த பாராட்டு எனக்கு நெருடியது. மட்டையாளர் செய்த தப்பைச் சும்மா விட்டதற்கு வீச்சாளருக்கு நற்சான்றிதழ். தப்பைச் செய்தவரிடம் ஒரு கேள்வி இல்லை.

அடுத்து வருவது எதிர்த்தரப்பின் பெரிய துருப்புச் சீட்டு. கர்நாடகத்தில் இதை எடுத்துப் போடாமல் யாரும் விவாதத்தை முடிப்பதில்லை: குண்டப்பா விஸ்வநாத். பத்ராவதியில் பிறந்தவர், பழைய மைசூர் மாநிலத்தின் செல்லப் பிள்ளை. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட்டில் அவர் கேப்டன். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் என்று தள்ளாடுகிறது. கீப்பர் கேட்ச் என்று அம்பயர் ஹனுமந்த ராவ் பாப் டெய்லரை அவுட் கொடுக்கிறார். ஸ்லிப்பில் நின்றிருந்த விஸ்வநாத், பந்து மட்டையில் படவில்லை என்று அறிந்து, முறையீட்டைத் திரும்பப் பெற்று டெய்லரை அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். போத்தம் 114 ரன்னும் 13 விக்கெட்டும் எடுத்த அந்த ஆட்டத்தில் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் எங்கே, அஸ்வின் எங்கே என்று முடிப்பார்கள்.

இந்தக் கதையை மதிக்கிறேன். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் விஸ்வநாத் என்ன செய்தார் என்று யோசிப்பதில்லை. டெய்லர் அவுட் இல்லை. நடக்காத ஒன்றுக்கு அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். உண்மை தெரிந்த ஒருவர் அதைச் சொன்னார். விஸ்வநாத் காட்டியது தாராள மனசு என்பதைவிட நேர்மை என்பதே பொருத்தம். தப்பான தீர்ப்பை அவர் சரி செய்தார். அஸ்வினிடம் கேட்கப்படுவது இதற்கு நேர் எதிரான காரியம். பட்லர் வெளியே நின்றது நடந்தது. சரியான தீர்ப்பை இல்லாததாக்கச் சொல்கிறார்கள். விஸ்வநாத்தை ஏதாவது ஒரு கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிட வேண்டுமானால் என் கட்சிக்குத்தான் கூப்பிட வேண்டும்.

விஸ்வநாத்தின் அளவுகோலை மட்டையாளருக்கு வைத்துப் பார்த்திருக்கிறோமா? 2013 ஜூலை, டிரென்ட் பிரிட்ஜ், ஆஷஸ் முதல் டெஸ்ட். ஆஷ்டன் ஏகரின் பந்து ஸ்டூவர்ட் பிராடின் மட்டையில் தடித்துப் பட்டு, கீப்பரின் கையில் பட்டு, ஸ்லிப்பில் நின்ற கிளார்க்கிடம் போனது. அரங்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள், அம்பயர் அலீம் தார் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூ மிச்சமில்லை. பிராட் அசையாமல் நின்றார். 37-இல் இருந்தவர் 65 வரை போனார். இங்கிலாந்து 14 ரன்னில் வென்றது. கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. பிறகு, முடிவெடுப்பது அம்பயரின் வேலை, பிராட் எதற்காக வெளியேற வேண்டும் என்று பெரும்பாலோர் தேற்றிக்கொண்டார்கள். தன் மட்டையில் பட்டது தெரிந்தே நிற்பவருக்கு அம்பயர் இருக்கிறார். கண்ணெதிரே கோட்டைத் தாண்டியவரைப் பிடித்தவருக்கு மட்டும் தர்மம் இருக்கிறது. இதில் எங்கே சமநீதி?

சட்டம் அனுமதிப்பதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது. 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் கடைசிப் பந்தில் ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்கு 6 ரன் தேவைப்பட்டபோது, கேப்டன் கிரெக் சாப்பல் சொன்னபடி அவர் தம்பி டிரெவர் பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். அன்றைய விதிப்படி அது செல்லும். அசிங்கம்தான். ஏன் அசிங்கம்? எதிராளி ஆட முயல்வதற்கான வாய்ப்பையே பறித்தது. விதியும் உடனே மாறியது. எதிர்முனை ரன் அவுட்டில் என்ன நடந்தது? கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்சிசி அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் வைத்துக்கொண்டது. 2022 அக்டோபரில் 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41-ஆம் சட்டத்திலிருந்து எடுத்து 38-ஆம் சட்டமான சாதாரண ரன் அவுட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. வீச்சாளர் ஏமாற்றவும் இதில் இடமில்லை. வழக்கமாகப் பந்து கையை விட்டுப் போகும் கணத்தைத் தாண்டிவிட்டால் பிறகு தட்ட முடியாது. 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஜாம்பா அப்படிக் கை மேலே போன பிறகு தட்டியபோது நாட் அவுட் என்றே தீர்ப்பு வந்தது.

எனக்கும் ஒரு அளவுகோல் உண்டு: கோட்டைத் தாண்டியவர் அதனால் ஏதாவது சம்பாதித்தாரா? 2011-இல் டிரென்ட் பிரிட்ஜில் தேநீர் இடைவேளை ஆகிவிட்டது என்று நினைத்து நடந்த இயான் பெல் எதையும் சம்பாதிக்க நினைக்கவில்லை. தோனி அவரைத் திரும்ப அழைத்தது அழகு. 2023 நவம்பரில் டெல்லியில் ஏஞ்சலோ மேத்யூஸின் ஹெல்மெட் வார் அறுந்தது. இரண்டு நிமிடத்துக்குள் ஆடத் தயாராக வேண்டும் என்ற விதியைக் காட்டி அவரை அவுட் ஆக்கினார் ஷாகிப். சட்டப்படி சரி. நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். ஒரு வார் அறுந்ததில் யாருக்கும் ரன் கிடைக்கவில்லை. கிரீஸைவிட்டுக் கிளம்பும் எதிர்முனை ஆட்டக்காரரோ தூரத்தைத் திருடுகிறார். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'ஆட்டத்தின் ஆன்மா' என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

இந்தப் பாரபட்சம் வானத்திலிருந்து விழவில்லை. இங்கிலாந்தில் 1806 முதல் 1962 வரை கனவான்கள் அணிக்கும் கூலிக்கு ஆடுகிறவர்கள் அணிக்கும் இடையே தனியாக ஆட்டம் நடந்தது. ஒரே மைதானத்தில் உடை மாற்றும் அறைகள் வேறு வேறு. மட்டை பிடிப்பது கனவான் வேலை, நாள் முழுக்க ஓடி ஓடிப் பந்து போடுவது கூலியாள் வேலை என்ற எண்ணம் அங்கே ஊறியது. நம் நாட்டில் அதோடு சாதியும் சேர்ந்துகொண்டது. தார்வாடில் 1876-இல் பிறந்த தலித் வீச்சாளர் பல்வங்கர் பாலு, புனேயில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் வலைப்பயிற்சியில் பந்து போட்டே ஆளானவர். மட்டை அவர் கைக்குத் தரப்படவில்லை. பிறகு இந்து அணிக்கு ஆடியபோது விக்கெட் எடுக்க அவர் வேண்டும், தேநீர் மட்டும் வெளியே, தனிக் குவளையில். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்குப் பட்டியாலா மகாராஜா கேப்டன். நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர் பாலு. அவர் ஒருநாளும் இந்து அணிக்குக் கேப்டன் ஆக்கப்படவில்லை. வீச்சாளர் எஜமானின் தவறைச் சுட்டிக்காட்டுவது ஒழுங்கீனம் என்ற உணர்வுக்கு இத்தனை நீள வேர் இருக்கிறது. (இந்த மைசூரிலேயே இருந்து எழுதிய ஆர்.கே. நாராயண், தன் முதல் நாவலின் நாயகன் சுவாமிநாதனைப் பந்து வீச்சாளனாக்கி, டேட் என்ற ஆங்கிலேய வீச்சாளரின் பெயரையே பட்டப் பெயராகவும் சூட்டியது எனக்குப் பிடித்த விஷயம்.)

'ஆட்டத்தின் ஆன்மா' என்ற முன்னுரை சட்டப் புத்தகத்தில் ஏறியதே 2000-இல்தான். அதற்கு முன்கை எடுத்த இருவரில் ஒருவர் காலின் கவுட்ரி, நம் ஊருக்கு மேலே உதகையில் பிறந்தவர். அந்த முன்னுரை எதையெல்லாம் தப்பு என்றது? அம்பயரோடு மல்லுக்கு நிற்பது, அவுட் இல்லை என்று தெரிந்தே முறையிடுவது, எதிராளியை வைது கவனம் கலைப்பது. எதிர்முனை ரன் அவுட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆன்மாவின் பெயரால் பேசுகிறவர்கள் அதன் சாசனத்தைப் படிக்கவில்லை.

ஆன்மா என்பதை நிஜமாகவே சட்டமாக்கிய ஆட்டம் ஒன்று இருக்கிறது: அல்டிமேட் ஃப்ரிஸ்பீ. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் மோதல் கூடாத அணி ஆட்டம்தான். தீர்ப்புச் சொல்ல நடுவர் கிடையாது, உலகப் போட்டியில்கூட ஆட்டக்காரர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் பண்புக்கு மதிப்பெண் போடுவார்கள். அந்த மதிப்பெண் தாளில் முதல் தலைப்பு என்ன தெரியுமா? விதிகளை அறிந்திருப்பதும் பயன்படுத்துவதும். நடுவரே இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு விதியைத் தெரிந்துகொள்வதுதான் எதிராளிக்குச் செய்யும் முதல் மரியாதை. இரண்டு அம்பயர், ஒரு தொலைக்காட்சி அம்பயர், ஒரு மேட்ச் ரெஃப்ரி வைத்துக்கொண்டு ஆடுகிற நாம், விதியைப் பயன்படுத்தியவரை அவமரியாதைக்காரர் என்கிறோம்.

மேட்ச் ரெஃப்ரி என்றதும் தேவராஜ மொஹல்லாக்காரர்களுக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். இங்கே உள்ள மரிமல்லப்பா பள்ளியில் படித்த ஜவகல் ஸ்ரீநாத், 2006 முதல் ஐசிசி ரெஃப்ரி. அவர் கையில் இருக்கும் நடத்தை விதிகளில் எதிர்முனை ரன் அவுட்டுக்கு அபராதம் கிடையாது. ஸ்ரீநாத்தைப் பற்றி இந்த ஊர் பெருமையோடு சொல்லும் கதையோ வேறு. 1999 பிப்ரவரி 7, டெல்லி கோட்லா மைதானம். கும்ப்ளே 9 விக்கெட் எடுத்துவிட்டார். பத்தாவதும் அவருக்கே கிடைக்கட்டும் என்று ஸ்ரீநாத் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெகு தூரத்தில் பந்து போட்டார். கும்ப்ளே 74 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தார். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் கறாராகப் பார்த்தால், விக்கெட் எடுக்கக் கூடாது என்று ஒரு வீச்சாளர் பந்து போட்டார். அதை நட்பு என்று கொண்டாடுகிறோம். எடுக்க வேண்டிய விக்கெட்டை எடுத்த அஸ்வினைத் தர்மம் கெட்டவர் என்கிறோம். நமக்கு இனிப்பதைத் தர்மம் என்றும் கசப்பதை அதர்மம் என்றும் அழைக்கும் பழக்கம் இது.

இதன் சேதம் பெரிய ஆட்டங்களோடு நிற்பதில்லை. மைசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லியாக ஒரு பையன் ஓடி வந்தவன் நின்றான். எதிர்முனைப் பையன் அதற்குள் இரண்டு எட்டு போய்விட்டான். வீச்சாளன் குனிந்து, கிட்டத்தட்ட மரியாதையாக, ஒரு பெயிலைத் தட்டினான். உடனே நாலாபக்கமும் 'மோச, மோச' என்று கன்னடத்தில் கூச்சல். அவன் அணியிலேயே இரண்டு பேர் தலையில் கை வைத்தார்கள். அம்பயராக நின்ற ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல?" என்றார். பையன் விழித்தான். "அவனுக்குக் கோடு தெரியும் சார்" என்றான், தமிழில். ஆசிரியர் நாட் அவுட் கொடுத்தார். கிளம்பிய பையனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த பந்துக்கும் அவன் கிளம்பினான்.

பட்லர்–அஸ்வின் பகை ஆயுசுக்கும் தீராது என்று எழுதியவர்கள் உண்டு. 2022 ஐபிஎல் ஏலத்தில் பட்லரின் ராஜஸ்தான் அணி அஸ்வினை எடுத்தது. இருவரும் ஒரே உடையில் மூன்று சீசன் ஆடினார்கள், முதல் சீசனிலேயே சேர்ந்து இறுதிப் போட்டிக்குப் போனார்கள். ஆடியவர்கள் எப்போதோ கடந்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் அவர்களுக்காகப் புண்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிகளில் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. எதிர்முனையில் நிற்கும் பிள்ளை மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றி வைக்கட்டும். பந்து வீச்சாளரின் கையை விட்டுப் போவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு நகரட்டும். மீறி நகர்ந்து அவுட் ஆனால், விரலைத் தூக்குங்கள். பந்து வீசிய பிள்ளையைத் தனியே கூப்பிட்டு எதுவும் சொல்லாதீர்கள்.